மலையிலிருந்து சரக்கிறக்கும் வண்டியும் அதன் முன்சக்கர மூட்டும்

கல்வராயன் மலையில் விளையும் மரவள்ளிக் கிழங்கும், மக்காச் சோளமும், சாமையும், காட்டில் சேரும் புளியும் கடுக்காயும் முன்னாளில் தலைச்சுமையாகவும் பொதியாகவும் அடிவாரம் வந்து சேர்ந்தன. இப்பொழுது அவற்றில் பெரும்பகுதி பிக்கப் என்று வழங்கும் சிறு சரக்கு மோட்டார் வண்டிகளிலேயே இறங்குகின்றது. வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கும், அங்கிருந்து சின்னசேலம், ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கும் இவ்வண்டிகள் ஓயாமல் போய் வருவதைச் சாலையில் நிற்போர் எவரும் காணலாம். விதை, உரம், மருந்து, விலை ஆகியவற்றைப் பற்றிக் குடியானவர்களுக்கு எத்தனையோ புத்திமதிகள் சொல்லப்படுகின்றன. விளைந்ததை ஆலை வாசல்வரை கொண்டு சேர்க்கும் வண்டியைப் பற்றி அநேகமாக ஒருவரும் பேசுவதில்லை. அவ்வண்டியின் முன்சக்கரத்தைத் தாங்கி நிற்கும் ஒரு சிறு உறுப்பைக் குறித்தே இங்கு எழுத முற்படுகிறேன். பட்டறைக்காரர்கள் அதனைப் பால் ஜாயிண்ட் என்பர்.

இவ்வளவு சிறிய சாமானுக்கு விவசாயப் பத்திரிகையில் இடம் எதற்கென்று சிலர் கேட்கக்கூடும். மரவள்ளிக் கிழங்கின் இயல்பை நினைத்துப் பார்த்தால் இக்கேள்வி எழாது. நெல்லையும் கம்பையும் போல இதனைக் குதிரில் கொட்டிவைத்து நல்ல விலை வரும்வரை காத்திருக்க முடியாது. மண்ணிலிருந்து பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாட்களுக்குள்ளாகவே உள்ளே நீலமும் கருமையுமான கோடுகள் ஓடிக் கெடத் தொடங்குகிறது. ஆலைக்காரர்கள் கிழங்கில் உள்ள மாவுச்சத்தைச் சோதித்துப் பாயிண்டுக் கணக்கில் விலை கட்டுகிறவர்கள். ஆகையால் மலைப்பாதையில் வண்டி ஒரு பகல் நின்றுபோனால் சரக்கின் தரம் குறைகிறது, ஆள்கூலி இரட்டிக்கிறது, ஆலையில் முறை தவறுகிறது. 1943ஆம் வருஷ வாக்கில் சேலத்தில் சிறு தொழிலாகத் தோன்றிய ஜவ்வரிசித் தொழில் இன்று இப்பிரதேசத்துப் புன்செய்க் குடியானவர்களுக்கு ரொக்கப் பணம் தரும் முக்கிய வழியாக இருக்கிறது. அந்தப் பணம் வந்து சேரும் வழியில் இந்த மூட்டும் இருக்கிறது.

பால் ஜாயிண்ட் என்பது யாதெனில், ஒரு கிண்ணத்திற்குள் அடங்கி எப்பக்கமும் புரளக்கூடிய எஃகு உருண்டையும், அவ்வுருண்டையினின்று வெளியே நீண்டிருக்கும் தண்டும் சேர்ந்த ஓர் உறுப்பாகும். நம் தோளெலும்பு குழியில் பொருந்தியிருப்பதைப் போன்றதே இதன் அமைப்பு. முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும்பொழுது மேலும் கீழும் அசைய வேண்டும். ஸ்டீரிங் திரும்பும்பொழுது இடமும் வலமும் திரும்ப வேண்டும். இவ்விரு அசைவுகளுக்கும் இடம் கொடுத்துக்கொண்டே வண்டியின் பாரத்தையும் தாங்குவது இம்மூட்டின் வேலை. மாட்டுவண்டியில் கடையாணி கழன்றால் சக்கரம் ஓடிவிடும் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். ஆகவே வண்டி பூட்டுமுன் ஆணியைத் தொட்டுப் பார்ப்பது நம்மவர் வழக்கம். பால் ஜாயிண்டில் உருண்டை கிண்ணத்தைவிட்டு வெளியே வந்துவிட்டாலும் நேர்வது ஏறக்குறைய அதுவேதான். சக்கரம் ஒரு பக்கமாக மடிந்து, வண்டியின் முன்பாகம் தரையில் இடித்து, ஸ்டீரிங் கைக்கு அடங்காமற் போகிறது. ஆயினும் இது சக்கரத்தின் உட்புறத்தில், சேற்றில் மறைந்து கிடப்பதால் ஒருவரும் தொட்டுப் பார்ப்பதில்லை.

எல்லாப் பிக்கப் வண்டிகளுக்கும் முன் அமைப்பு ஒன்றல்ல என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். சிலவற்றில் முன்பக்கமும் பின்பக்கத்தைப் போலவே ஒரே இரும்பு அச்சும் பட்டை ஸ்பிரிங்கும் இருக்கும். அவற்றில் சக்கரம் கிங் பின் என்னும் தடித்த முளையைச் சுற்றித் திரும்பும்; பால் ஜாயிண்ட் ஸ்டீரிங் தண்டுகளின் முனையில் மட்டும் இருக்கும். அதனை டை ராடு எண்ட் என்கிறார்கள். வேறு சிலவற்றில் ஒவ்வொரு முன்சக்கரமும் தனித்தனியே மேல் கை, கீழ் கை என்ற இரு கைகளால் பிடிக்கப்பட்டிருக்கும். அக்கைகளின் நுனிகளில் மேலொன்றும் கீழொன்றுமாகப் பால் ஜாயிண்டுகள் உண்டு. இவற்றுள் ஸ்பிரிங் எந்தக் கையை அழுத்துகிறதோ அந்தக் கையின் ஜாயிண்டே பாரம் முழுவதையும் சுமப்பது. பெரும்பாலும் அது கீழ் ஜாயிண்டாக இருக்கும். தம் வண்டி எவ்வகையைச் சேர்ந்தது, பாரம் சுமக்கும் ஜாயிண்ட் எது என்று தெரியாமல் கடைக்குப் போகிறவர், எந்தப் பயிருக்கென்று சொல்லாமல் மருந்து கேட்பவரைப் போன்றவரே.

சமவெளியில் ஓடும் வண்டிக்கும் நம் மலை வண்டிக்கும் உள்ள பேதத்தைப் பலர் கவனிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். தரையில் ஓடும் சரக்கு வண்டியில் பாரத்தின் பெரும்பகுதி பின் அச்சின் மேல் இருக்கும். முன்சக்கர மூட்டுகள் எஞ்சினையும் ஓட்டுநரையும் தாங்கினாற் போதும். கல்வராயன் மலை வண்டியோ மேலே ஏறும்பொழுது அநேகமாக வெறுமையாகவோ, மளிகைச் சாமானும் சிமெண்டு மூட்டையுமாகவோ ஏறுகிறது. நிறைபாரம் ஏற்றுவது இறங்கும்பொழுதுதான். சரிவில் இறங்கும்போது வண்டியே முன்னால் சாய்ந்திருக்கிறது. அதோடு அடிக்கொரு தரம் பிரேக் போட வேண்டியிருப்பதால் பின்னாலுள்ள பாரத்தின் ஒரு பங்கு முன்சக்கரங்களின் மேல் வந்து விழுகிறது. கொண்டை ஊசி வளைவில் ஸ்டீரிங்கை முழுதும் ஒடிக்கும்பொழுது அதே பாரம் வெளிப்பக்கத்துச் சக்கரம் ஒன்றின்மீது சாய்கிறது. அந்த இடத்தில் ஒரு குழியும் இருந்துவிட்டால், நின்ற நிலையில் சுமக்கும் பாரத்தைப் போலப் பன்மடங்கு இடி கீழ் ஜாயிண்டுக்குச் சேருகிறது. சமவெளியில் ஒருவருக்குப் பல வருஷம் உழைத்த ஜாயிண்ட் மலையில் ஓடும் அவர் மைத்துனருக்குப் பாதிக் காலமும் உழைக்கவில்லையென்றால் இதில் அதிசயமில்லை. ‘அவர் வாங்கின அதே சாமான்தானே’ என்று கடைக்காரரைக் கோபிப்பதிலும் பயனில்லை.

பின் பட்டை ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை சேர்த்துவிட்டால் அதிகப் பாரம் ஏற்றலாம் என்ற எண்ணமும் நம்மிடையே பரவியிருக்கிறது. அந்தப் பட்டை வண்டியின் பின்பாகம் தாழாமல் காக்குமேயன்றி முன் ஜாயிண்டுக்கு ஓர் அணுவளவும் பலம் சேர்ப்பதில்லை. அழகுக்காக அகலமான டயரும், சக்கரத்தை வெளியே தள்ளி நிறுத்தும் வளையமும் பூட்டுகிறவர்கள் மூட்டின்மேல் விழும் நெம்புகோல் விசையைத் தாமே அதிகரித்துக்கொள்கிறார்கள்.

இனி ஜாயிண்ட் கெடுவது எவ்வாறு என்பதைப் பார்ப்போம். எஃகு உருண்டை தானாகத் தேய்வதற்கு வெகுகாலம் ஆகும். அதைச் சீக்கிரத்தில் தேய்ப்பவை தண்ணீரும் மண்ணுமே. உருண்டையையும் கிண்ணத்தையும் மூடி நிற்கும் ரப்பர் உறையைப் பூட் என்பர். அது கிழிந்தவுடன் உள்ளிருக்கும் கிரீஸ் வெளியேறி, அதற்குப் பதிலாகச் செம்மண் சேறு புகுந்துகொள்கிறது. பிறகு நடப்பது சாணைக்கல்லில் கத்தி தீட்டும் வேலைதான். மழைக் காலத்தில் ஓடைகளைக் கடந்து, வெயிற் காலத்தில் பூழியில் புரளும் மலைச்சாலை வண்டிகளுக்குப் பூட்டே உயிர்நாடி எனலாம். ஜாயிண்ட் வாங்கச் செல்லுகிறவர் இரும்பின் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன் ரப்பரைப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனாலேயே. விரலால் அழுத்தினால் வளைந்து உடனே பழைய நிலைக்கு மீள வேண்டும். மடிப்புகளில் மயிரிழை வெடிப்புகூட இருத்தலாகாது. மேலும் கீழும் இறுக்கும் வளையங்கள் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும். கடையலமாரியில் பல வருஷம் கிடந்து இறுகிப்போன ரப்பர் உள்ள சாமானைப் பாதி விலைக்குத் தந்தாலும் வாங்கலாகாது.

கிரீஸ் போடத் துவாரமுள்ள ஜாயிண்ட் நல்லதா, துவாரமின்றி ஆயுள்வரை மூடப்பட்ட ஜாயிண்ட் நல்லதா என்ற விவாதம் பட்டறைகளில் ஓய்வதில்லை. இரண்டிலும் குணமுண்டு. வண்டி உற்பத்தியாளர்கள் இக்காலத்தில் பெரும்பாலும் மூடப்பட்ட வகையையே பூட்டி அனுப்புகிறார்கள். அதில் உருண்டைக்கும் இரும்புக்கும் இடையே வழவழப்பான பிளாஸ்டிக் கிண்ணம் இருக்கும். ஸ்டீரிங் இலகுவாகத் திரும்பும், பராமரிப்பு வேண்டியதில்லை. ஆனால் ஓயாத இடியில் அப்பிளாஸ்டிக் நசுங்கிவிட்டால் சீர்செய்ய வழியில்லை. இரும்போடு இரும்பு பொருந்தி, கிரீஸ் நிப்பிள் வைத்த வகை கனத்த பாரத்தை நன்கு தாங்கும். புதிய கிரீஸைச் செலுத்தும்பொழுது பழையதோடு ஈரமும் மண்ணும் வெளியே தள்ளப்படும். எனினும் கிரீஸ் போடாமல் விட்டால் அது மற்றதைவிட விரைவில் கெடும். மலைப்பாதையில் நாள்தோறும் பாரம் இறக்குகிறவர், தம் கையில் கிரீஸ் கன் வைத்துக்கொண்டு மாதம் ஒரு முறையாவது வண்டிக்கு அடியில் படுக்கத் தயாராக இருப்பாராயின், நிப்பிள் வைத்த வகையையே வாங்குக. அவ்வழக்கம் இல்லாதவரும், வண்டியைக் கூலி ஓட்டுநரிடம் விட்டுவிட்டு ஊரில் இருப்பவரும் நல்ல தரமுள்ள மூடிய வகையை வாங்குவதே புத்திசாலித்தனம். கிரீஸ் போடும்பொழுது பூட் சற்றே உப்பியவுடன் நிறுத்திவிட வேண்டும். ஆர்வ மிகுதியால் அடித்துக்கொண்டே போனால் உறை வெடித்து, செய்த நன்மையே கேடாக முடியும்.

பெட்டியின்மேல் ‘ஹெவி டியூட்டி’ என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்குவோர் பலர். அச்செழுத்து பாரம் தாங்காது. வண்டியின் மாடலும் தயாரான வருஷமும் சொல்லி, உற்பத்தியாளர் கொடுத்துள்ள பார்ட் நம்பரைக் கேட்டு வாங்குவதே முறை. ஒரே பெயருள்ள வண்டியில்கூட வருஷத்திற்கு வருஷம் தண்டின் சரிவும் மரையும் மாறியிருப்பதுண்டு. நம் ராஜ்யத்திலேயே 1929இல் சென்னையில் தோன்றிய ரானே போன்ற ஸ்தாபனங்கள் ஸ்டீரிங் மூட்டுகளைத் தயாரித்து வண்டி உற்பத்தியாளர்களுக்கே அளித்து வருவதால், நல்ல சாமானுக்காகச் சீமைக்கு எழுத வேண்டிய அவசியம் நமக்கில்லை. கிடைப்பது அசல்தானா என்பதில்தான் கஷ்டம். அசல் சாமானில் தயாரித்தவரின் குறியும் தொகுதி எண்ணும் பெட்டியில் மட்டுமின்றி இரும்பிலேயே தெளிவாகப் பதிந்திருக்கும். உடல் அடித்து உருவாக்கிய எஃகாக இருக்க வேண்டும். வார்ப்பில் காணும் நுண்துளைகளும் கரடும் அதில் இருத்தலாகாது. தண்டைக் கையால் சுழற்றிப் பார்த்தால் எப்பக்கமும் ஒரே சீரான இறுக்கம் தெரிய வேண்டும். புதிய ஜாயிண்டிலேயே தண்டு தொளதொளவென்று சாய்ந்து விழுமானால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பழைய ஜாயிண்டைக் கூடவே எடுத்துச் சென்று தண்டின் உயரம், சரிவு, மரை ஆகிய மூன்றையும் அருகருகே வைத்து ஒப்பிடுதல் வேண்டும். பில் கேட்டு வாங்குதல் வேண்டும். பில் கொடுக்கத் தயங்குகிற கடையில் விலை எவ்வளவு மலிவாயினும் அது மலிவன்று.

நல்ல சாமானும் கெட்ட பொருத்தத்தால் பாழாகிறது. எனக்குத் தெரிந்தவரையில், சீக்கிரத்தில் போய்விட்டது என்று நொந்துகொள்ளப்படும் ஜாயிண்டுகளில் பல பூட்டிய அன்றே கெடுக்கப்பட்டவை. சுத்தியலால் தண்டின் தலையில் அடிப்பதும், காஸ் தீயால் கையைச் சூடாக்கி இறக்குவதும் இன்றும் நடக்கின்றன. தீயால் எஃகின் பதம் போய்விடும். ரப்பரும் பிளாஸ்டிக்கும் உருகும். அழுத்திப் பொருத்தும் வகைக்குப் பிரஸ் என்னும் கருவியே உபயோகிக்க வேண்டும்; அதுவும் ஜாயிண்டின் வெளி விளிம்பில் அழுத்தவேண்டுமேயன்றி நடுவில் அழுத்தலாகாது. கையின் துளையே தேய்ந்து அகன்றிருந்தால், தகடு வைத்து இறுக்குவதும் வெல்டிங் பொட்டு வைப்பதும் உயிரோடு விளையாடுவதாகும். அக்கையையே மாற்ற வேண்டும். தண்டின் சரிவும் அது நுழையும் துளையும் சுத்தமாகவும் உலர்ந்தும் இருத்தல் அவசியம். நட்டை உற்பத்தியாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சினால் இறுக்கிய பிறகு, ஸ்பிலிட் பின்னுக்குத் துளை நேராக வரவில்லையென்றால் நட்டை இன்னும் சிறிது முன்னே திருப்ப வேண்டும். ஒருபோதும் பின்னே தளர்த்தலாகாது. பின் போடாமல் அனுப்புகிற பட்டறைக்கு மறுமுறை போகலாகாது. இடப்பக்கம் தேய்ந்திருந்தால் வலப்பக்கத்தையும் சேர்த்து மாற்றுவது நலம். இரண்டும் ஒரே சாலையில் ஒரே பாரம் சுமந்தவை. வேலை முடிந்தவுடன் வீல் அலைன்மெண்ட் பார்க்க வேண்டும். இல்லாவிடில் ஜாயிண்டில் போட்ட பணத்தைக் காட்டிலும் அதிகம் டயரில் போகும்.

சத்தம் வரும்வரை ஓட்டலாம், வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று அனுபவமுள்ள ஓட்டுநர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். டை ராடு எண்ட் விஷயத்தில் ஸ்டீரிங்கில் ஆட்டம் தெரிவதால் அவர்கள் சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு. பாரம் சுமக்கும் ஜாயிண்டுக்கு அது பொருந்தாது. வண்டியின் எடையே உருண்டையைக் கிண்ணத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பதால் தேய்மானம் வெளியே தெரிவதில்லை. சத்தம் கேட்கும் காலத்தில் தேய்மானம் பெரும்பாலும் எல்லை கடந்திருக்கும். சோதிக்கும் முறை கடினமன்று. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கீழ் கையை ஸ்பிரிங் அழுத்தும் வகையாயின் அந்தக் கீழ் கைக்கு அடியிலேயே, சக்கரத்திற்கு எவ்வளவு அருகில் இயலுமோ அங்கே ஜாக்கி வைத்துத் தூக்க வேண்டும். டயருக்கு அடியில் கடப்பாரையை நுழைத்து மெல்ல நெம்பும்பொழுது ஜாயிண்டில் மேலும் கீழும் ஆட்டம் தெரிகிறதா என்று இன்னொருவர் விளக்கொளியில் பார்க்க வேண்டும். பிறகு கடிகாரத்தில் 12உம் 6உம் இருக்கும் இடங்களில் டயரைப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடியும் ஆட்டுக. ஆட்டம் நின்றுபோனால் குற்றம் வீல் பேரிங்கிலும், நீடித்தால் மூட்டிலும் இருப்பதாகக் கொள்ளலாம். 9, 3 இடங்களில் பிடித்து ஆட்டினால் டை ராடு எண்டின் நிலை தெரியும். டயரின் உள்விளிம்பு மட்டும் மழுங்கியிருப்பதும், நேர்ச்சாலையில் வண்டி ஒரு பக்கம் இழுப்பதும் முன்னறிவிப்புகளே.

பாரத்தின் அளவைப் பற்றி ஒன்று சொல்லாமல் மேலே செல்ல முடியாது. 2019ஆம் வருஷத்துச் சட்டத் திருத்தத்திற்குப் பின், அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால் அபராதம் 20,000 ரூபாயும், அதிகமான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் ஆகும். அபராதத்திற்கு அஞ்சி இரவில் இறங்குகிறவர்கள் உண்டு. மூட்டுக்கு இரவும் பகலும் ஒன்றுதான். அன்றியும் கிழங்கு மூட்டைகளின்மேல் வேலையாட்கள் உட்கார்ந்து வருவதைக் காண்கிறோம். மேலேறும் வண்டிகளில் சந்தைக்கு வந்த பெண்களும் குழந்தைகளும் நின்றுகொண்டு போகிறார்கள். சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவது சட்டவிரோதம் என்பது உண்மை. பஸ் போகாத சிற்றூர்கள் உள்ள மலையில் அச்சட்டத்தை மட்டும் படித்துக் காட்டுவது யாருக்கும் திருப்தியளிக்காது. அவர்கள் ஏறும் வண்டியின் முன்சக்கர மூட்டு உறுதியாக இருக்கிறதா என்று பார்ப்பதாவது நம் கையில் இருக்கிறது.

சாலையே நன்றாயிருந்தால் இத்தனையும் எதற்கு என்று மலைவாசிகள் கேட்பது நியாயமே. கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கைத் தேவைகளைச் சென்னை உயர்நீதிமன்றம் 2024இல் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டபொழுது சாலைகளின் நிலையும் பேச்சுக்கு வந்தது. சாலைகள் சீர்பட வேண்டும்; அதற்காக விடாமல் கேட்கவும் வேண்டும். ஆயினும் இந்த வருஷத்துக் கிழங்கு இந்த வருஷத்துச் சாலையில்தான் இறங்கப்போகிறது.

டிராக்டருக்கும் பவர் டில்லருக்கும் மானியமும் வாடகை ஏற்பாடும் சர்க்கார் செய்து வருகிறது. விளைபொருளைச் சுமக்கும் வண்டியோ விவசாயக் கருவியாகக் கருதப்படாமல் போக்குவரத்து இலாகாவின் கணக்கில் மட்டும் நிற்கிறது. புது வண்டிக்கு எட்டு வருஷம்வரை இரண்டு வருஷத்திற்கு ஒரு முறையும், அதற்குமேல் வருஷந்தோறும் தகுதிச் சான்று வாங்க வேண்டும் என்பது விதி. ஒரு பருவத்திலேயே தேய்ந்துவிடக்கூடிய மூட்டுக்கு அது போதாது. கிழங்கு பிடுங்கும் மாதங்கள் தொடங்குமுன் கச்சிராயபாளையத்திலும் வெள்ளிமலையிலும் இரண்டிரண்டு நாட்களுக்கு ஒரு சோதனை முகாம் வைத்தால் என்ன? ஒரு பிரஸ், ஒரு டார்க் ரெஞ்சு, நல்ல ஜாக்கிகள் இரண்டு, விஷயம் தெரிந்த மெக்கானிக் ஒருவர் – இதற்குமேல் பெரும் செலவில்லை. மலைவாழ் மக்களின் கூட்டுறவுச் சங்கங்களும் உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகளும் உரமும் விதையும் இருப்பு வைப்பதைப் போலவே, தங்கள் பகுதியில் ஓடும் இரண்டு மூன்று வகை வண்டிகளுக்கு வேண்டிய அசல் ஜாயிண்டுகளையும் பூட்டுகளையும் மொத்தமாக வாங்கி வைக்கலாம். சேர்ந்து வாங்கினால் விலை இறங்கும். போலிச் சாமான் நுழையவும் இடமிராது. ஆலைக்காரர்களும் இதில் பங்கெடுத்தால் நஷ்டமில்லை. கிழங்கு வராத நாளில் ஆலையும் சும்மாதான் நிற்கிறது.

கடைசியாக ஒரு சிறு விஷயம். கழற்றிய பழைய ஜாயிண்டைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வருவது பெரும்பாலோர் வழக்கம். தேய்ந்த ஜாயிண்டின் விளிம்பைத் தட்டி இறுக்கி, சாயம் பூசி, புதுப் பூட் மாட்டினால் பார்வைக்குப் புதியது போலவே இருக்கும். ஆகையால் பழையதைக் கேட்டு வாங்கி, தண்டின் மரையை அரத்தால் நாலு இழுப்பு இழுத்துக் கெடுத்து, பழைய இரும்புக்குப் போட்டுவிடுக.